காக்கைக்கால் குறி: பழைய படைத் துப்பாக்கிகளின் முத்திரைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் குமரி மாவட்டத்தில் ஏராளம். அந்த வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலும் மச்சிலும் கிடந்த படங்கள், பித்தளைச் சாமான்கள், கான்வாஸ் பைகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை இயந்திரக் கார்பைன்கள், அதாவது தொடர்ந்து சுடும் குட்டைத் துப்பாக்கிகளான ஸ்டென், ஸ்டெர்லிங், தாம்சன் போன்றவை பற்றியவை.

எங்கள் பாட்டா 1971 போரில் இருந்தவர். துப்பாக்கியோடு அவர் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதை 'ஸ்டென் கன்' என்கிறோம். பட்டாளத்தில் இருந்த மாமா 'அது கார்பைன்' என்று அடித்துச் சொல்கிறார். மேகசின் பாட்டாவின் வலக்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. எது சரி?
– வாசகர், தக்கலை

முதலில் மேகசினை, அதாவது தோட்டா நிரப்பிச் சொருகும் பெட்டியைக் கவனிப்போம். ஸ்டென், ஸ்டெர்லிங் இரண்டிலும் மேகசின், துப்பாக்கியைப் பிடித்திருப்பவரின் இடக்கைப் பக்கம்தான் நீட்டி நிற்கும். காலித் தோட்டா வெளியேறும் வாய் வலப்பக்கம். உங்கள் படத்தில் அது வலக்கைப் பக்கம் இருக்கிறது என்றால், பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். சட்டையைப் பார்த்து இதை உறுதிப்படுத்தலாம். பதக்க ரிப்பன் இடது மார்பில் இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் இடப்படும். இவை மாறியிருந்தால் படத்தை ஸ்கேன் செய்து கண்ணாடிபோலத் திருப்பிவிட்டு, அதன்பிறகு துப்பாக்கியைப் பாருங்கள்.

இனி வகை. 'மார்க்' என்பது ஒரே துப்பாக்கியின் மாடல் பதிப்பு எண். ஸ்டென் மார்க் 2 என்றால் மேகசின் நேராக இருக்கும். அதற்கு முன்னால் ஓட்டை போட்ட குட்டையான உறை ஒன்று இருக்கும். அந்த உறையைத் தாண்டிக் குழல் மொட்டையாக வெளியே தெரியும். தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை ஒற்றைக் குழாயாகவோ கம்பி வளையமாகவோ இருக்கும். ஸ்டெர்லிங் என்றால் மேகசின் முன்பக்கமாக வளைந்திருக்கும், ஓட்டை போட்ட உறை குழலின் வாய்வரை போகும், கைப்பிடி துப்பாக்கியின் ஏறத்தாழ நடுவில் தொங்கும், பின்கட்டை அடிப்பக்கமாக மடியும். அளவும் உதவும். ஸ்டென் மார்க் 2 சுமார் 76 செ.மீ. நீளம். ஸ்டெர்லிங் கட்டையை விரித்தால் சுமார் 69, மடித்தால் 48 செ.மீ.

இந்தியாவில் ஸ்டெர்லிங்கின் வடிவத்தைக் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை '9 எம்.எம். கார்பைன் 1ஏ1' என்ற பெயரில் செய்தது. 1971-இல் காலாட்படை வீரர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வளைந்த மேகசின் தெரிந்தால் மாமா சொன்னது சரி. ஆனால் ஸ்டென்னையும் பிரிட்டிஷ் ராணுவம் 'மெஷின் கார்பைன்' என்றுதான் கணக்கில் எழுதியது. ஆகவே 'கார்பைன்' என்ற சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மேகசினின் வளைவை வைத்துச் சொல்லுங்கள்.

கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அருங்காட்சியகங்களில் ஸ்டென் துப்பாக்கி வைத்திருந்தால் அதில் உள்ள முத்திரைகளை எப்படிப் படிப்பது? எல்லா உறுப்பும் அசல்தானா என்று பார்வையாளரால் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். ஆனால் ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டு முழுத் துப்பாக்கிக்கும் முடிவு சொல்லக் கூடாது. ஒவ்வொரு முத்திரையும் அது இருக்கும் உறுப்புக்கு மட்டுமே சாட்சி.

ஸ்டென்னில் முதலில் பார்க்க வேண்டியது மேகசின் சொருகும் கூடு. மாடல் பெயரும் வரிசை எண்ணும் அதன்மேல்தான் இருக்கும். ஸ்டென் என்ற பெயரும் மார்க் எண்ணும் பஞ்ச் அடித்திருக்கும். மார்க் எண் ரோமன் இலக்கத்தில், கோடு கோடாக வரும். கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தவற்றில் ஆலையின் பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கும். கனடா அரசின் குறி, 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் ஓர் அம்பு. பிரிட்டனில் போர்க்காலத்தில் தயாரிப்பாளர் பெயரை மறைக்க ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட சங்கேதம் கொடுத்தார்கள். 'எம்' என்றால் மத்திய இங்கிலாந்து, 'என்' வடக்கு, 'எஸ்' தெற்கு. எம் 47 என்பது பி.எஸ்.ஏ. நிறுவனம். இந்தச் சங்கேதம் கூட்டில் ஒன்றாகவும், போல்ட்டில் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிச் சுடும் உள் உறுப்பு) வேறாகவும் மேகசினில் இன்னொன்றாகவும் இருந்தால் 'போலி' என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 40 லட்சம் ஸ்டென்கள் செய்யப்பட்டன. பல சிறு பட்டறைகள் உறுப்புகளைச் செய்து அனுப்ப, பெரிய ஆலைகளில் பூட்டினார்கள். எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பதுதான் திட்டமே. ஸ்டென்னில் 'எல்லா எண்ணும் ஒத்துப்போகிறதா' என்று தேடுவது வீண்வேலை.

ஜெர்மானிய எம்.பி. 40 இதற்கு நேரெதிர். குழாய், கீழ்ச்சட்டம், போல்ட் என்று பல உறுப்புகளிலும் ஒரே வரிசை எண்ணை அடித்தார்கள். அங்கே எண் மாறினால் உறுப்பு மாறியது என்றே பொருள். அதன் தயாரிப்பாளர் சங்கேதம் மூன்று சிறிய எழுத்து: 'ஏ ஒய் எஃப்' என்றால் எர்மா, 'பி என் இசட்' என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டேயர், 'எஃப் எக்ஸ் ஓ' என்றால் ஹேனல். விளக்கப் பலகையில் 'ஷ்மைசர்' என்று எழுதியிருந்தால் அது பரவலான தவறு. அந்தத் துப்பாக்கியை வடிவமைத்தது ஹ்யூகோ ஷ்மைசர் அல்ல. எர்மா நிறுவனமும் அங்கிருந்த ஹைன்ரிக் ஃபோல்மரும்தான்.

ஸ்டென்னுக்குத் திரும்புவோம். எந்த மார்க் என்பதை எழுத்து இல்லாமலும் சொல்லலாம். மார்க் 2-இல் மேகசின் கூடு சுழலும். துப்பாக்கியைக் கொண்டுபோகும்போது கூட்டைக் கீழ்நோக்கித் திருப்பினால் தோட்டா வெளியேறும் வாய் மூடிக்கொள்ளும், தூசு போகாது. மார்க் 3-இல் கூடும் குழலும் நிலையாகப் பற்றவைத்தவை. உடற்குழாய் ஒரே தகட்டை உருட்டிச் செய்தது, அதன் பற்றுக்கோடு மேல்பக்கம் நீளமாக வரப்புபோல ஓடும். இந்த மார்க் 3-ஐச் செய்தது பொம்மைகளுக்குப் பெயர்போன லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம். தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் வேலை பொம்மைக்காரர்களுக்குக் கைவந்த கலை, அதனால்தான் அந்த வேலை அவர்களுக்குப் போனது. மார்க் 5-இல் மரக்கட்டையும் மரக் கைப்பிடியும் வரும், குறி பார்க்கும் முன்குறி நம்பர் 4 லீ என்ஃபீல்டு ரைபிளினுடையது, அந்த ரைபிளின் பயனட்டும் அதில் பூட்டலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 'அசல்' என்பதற்கு ராணுவப் பொருளில் இரண்டு அர்த்தம் உண்டு. ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பது ஒன்று. படையிலேயே பழுது பார்த்து மாற்றப்பட்டது இன்னொன்று, அதுவும் அசல்தான். போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் காக்கிங் கைப்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்ககால ஸ்டென்னில் போல்ட்டைப் பின்னால் இழுத்துக் கைப்பிடியை மேல்நோக்கி ஒரு வெட்டில் மாட்டுவது மட்டுமே பாதுகாப்பு. போல்ட் முன்னால் இருக்கும்போது அதைப் பூட்ட வழியே இல்லை. கீழே விழுந்தால் போல்ட் தானாகப் பின்னே போய்த் திரும்பி வந்து சுட்டுவிடும். ஸ்டென்னுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். பிறகு கைப்பிடியையே உள்ளே அழுத்தி, உடற்குழாயின் எதிர்ப்பக்கத் துளையில் சொருகிப் பூட்டும் முறை வந்தது. பழைய துப்பாக்கிகளிலும் அந்தத் துளையைப் பின்னர் போட்டார்கள். எனவே 1942-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அந்தத் துளை இருந்தால் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று பொருளல்ல. பணிமனை அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது.

பழுது பார்த்ததற்குக் குறியே உண்டு. 'எஃப் டி ஆர்' என்ற மூன்று ஆங்கில எழுத்தும் அருகில் ஆண்டும் இருந்தால், ஆலைக்குத் திரும்பிப் போய் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது என்று பொருள். 'டி பி' என்றால் கவாத்துப் பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கு லாயக்கில்லை. இந்தியப் பணியில் சேர்ந்ததற்கு அடையாளம் காக்கைக்கால் போன்ற மூன்று கோட்டு அம்பும் அதன்கீழ் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், பிரிட்டிஷ் அரசு அதைப் பணியிலிருந்து விற்றுவிட்டது என்று பொருள். குறுக்காக வைத்த இரு கொடிகளும் மேலே கிரீடமும் இருந்தால், அது குழல் சோதனையில் தேறியதற்கான ராணுவ முத்திரை.

மேற்பூச்சும் பேசும். போர்க்கால ஸ்டென் மங்கலான கருநிறத்தில், கடைசல் கோடுகள் தெரிய இருக்கும். போருக்குப்பின் புதுப்பித்தவற்றில் பாஸ்பேட் பூச்சின்மேல் அழுத்தமான கறுப்பு எனாமல் இருக்கும். இங்கிலாந்தின் டாகன்ஹாமில் செய்த ஸ்டெர்லிங்கில் சுருக்கம் விழுந்த கறுப்பு எனாமலைப் பார்க்கலாம். காட்சிக்கூடங்களில் நடக்கும் பெரிய அநியாயம், பளபளக்கட்டும் என்று வார்னிஷோ வெள்ளிப் பெயின்டோ அடிப்பது. பெயின்ட் பஞ்ச் எழுத்துக்குள் இறங்கி நிரம்பி, '3' எது '8' எது என்று தெரியாமல் போய்விடும். உப்புக்காற்று அடிக்கும் நம் கடற்கரை ஊர்களில் துரு தடுக்கவே இப்படிச் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அதற்கு மெல்லிய எண்ணெய்த் துணியும் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். ஜெல்லை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் அது சீக்கிரமே மாறிவிடும்.

எழுத்து போலியா என்று பார்க்கும் வழி: பஞ்ச் அடித்தால் உலோகம் ஒதுங்கி எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வரப்பு எழும், ஆழம் ஒரே சீராக இருக்காது, எழுத்துகள் வரிசை தப்பி ஆடும். அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு சோப்புபோல மழுங்கியிருக்கும். இயந்திரத்தில் செதுக்கியதில் அடித்தளம் தட்டையாக, எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில் இருக்கும். போர்க்கால வேலையில் கோணல் எழுத்துதான் நம்பகமானது.

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவர், அனுமதி பெற்று, டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நாலு பக்கமும் ஒளியை மாற்றி நாலு படம். காப்பாளரே ஒத்துழைத்தால், கல்வெட்டுக்குப் படியெடுப்பதுபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். கம்பித் தூரிகை, உப்புத்தாள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. ஸ்டென்னைப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் படிக்க, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் பழைய துப்பாக்கி முத்திரைகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பவை வாளும் அதுபோன்ற பழைய ஆயுதங்களும்தான், இந்த வகைக்கு அங்கே தேட வேண்டாம்.

பாட்டாவின் பெட்டியில் மூன்று விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பியும், பச்சை நிறக் கான்வாஸ் பை ஒன்றும் கிடைத்தன. குப்பியில் மேல்நோக்கிய அம்பு இருக்கிறது. மூடியைத் திறந்தால் சிறு கரண்டிபோல ஒன்று ஒட்டியிருக்கிறது. பையின் மூடிக்கு அடியில் 'எம்.ஈ.கோ. 1942' என்று மங்கலாகத் தெரிகிறது. இவை ஸ்டென் துப்பாக்கியின் சாமான்களா? புளி போட்டு விளக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

புளியைத் தொடாதீர்கள். புளியின் அமிலம் பித்தளையின் மேல்தோலைக் கரைக்கும். இரண்டு மூன்று முறை விளக்கினால் அந்த அம்பும் தயாரிப்பாளர் எழுத்தும் மறைந்துபோகும், பிறகு அது எந்த ஊர் விளக்குக் கடையிலும் கிடைக்கும் குப்பிதான். பச்சைக் களிம்பு பிடித்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அரை நாள் ஊறவிட்டு, தென்னை ஈர்க்கின் முனையால் மெல்ல எடுங்கள். ஈர்க்கு பித்தளையைவிட மென்மை, கீறாது. பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். மூடிக்குள் தோல் வளையம் ஒன்று இருக்கும். அது காய்ந்து சுருங்கியிருந்தாலும் எடுத்து எறிய வேண்டாம், அதுவும் அசல் உறுப்பு.

இது ஸ்டென்னுக்கு உரியதல்ல. .303 லீ என்ஃபீல்டு ரைபிளின் பின்கட்டைக்குள் ஒரு பொந்து உண்டு. அதில் புல்த்ரு கயிறோடு சேர்த்து வைக்கும் எண்ணெய்க் குப்பி இது. புல்த்ருவின் கண்ணியில் துண்டுத் துணியைக் கோத்து, குப்பியின் கரண்டியால் எண்ணெய் தொட்டு, குழலுக்குள் இழுப்பார்கள். ஸ்டென்னின் குழாய்க் கட்டையில் இந்தக் குப்பியை வைக்க இடமே இல்லை. ஆகவே குப்பியை வைத்துப் பாட்டா ரைபிள் பிடித்தார் என்று சொல்லலாம், ஸ்டென் பிடித்தார் என்று சொல்ல முடியாது.

பை சுவாரசியமானது. 'எம்.ஈ.கோ.' என்பது மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி, இங்கிலாந்து. 1937 மாதிரி இடுப்பு வாரில் மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பூட்டும் பை இது. உங்கள் பையில் 'மார்க் 3' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய பைகள் பிரென் துப்பாக்கியின் மேகசினுக்காகச் செய்தவை, ஸ்டென்னின் நீண்ட மேகசினுக்கு மூடி போட முடியாமல் போனது. மார்க் 3-இல் பையை ஓர் அங்குலம் நீட்டினார்கள். இந்தியாவில் தைத்த பைகளில் நெசவு முரடாக இருக்கும், அம்பின்கீழ் 'ஐ' இருக்கும். மேலே பச்சையாகப் பொடி படிந்திருப்பது பிளாங்கோ பூச்சு. அதன் அடியில் இன்னும் முத்திரை இருக்கலாம், ஆனால் தண்ணீரில் ஊறவைத்தால் மசி முத்திரை ஓடிவிடும். காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட விட்டு, மடிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குப்பியைப் பைக்குள் போட்டு வைக்காதீர்கள், பித்தளையின் களிம்பு துணியில் ஏறும்.

குப்பி, பை இரண்டையும் வீட்டில் வைத்திருக்கலாம். அடுத்த கேள்வி அப்படியல்ல.

பழைய வீட்டை இடிக்கும்போது மச்சின் ஓட்டுக்கு அடியில், துணியில் சுற்றி ஒரு நீளமான இரும்புப் பெட்டிபோன்ற சாமான் கிடைத்தது. உள்ளே தோட்டாக்கள் தெரிகின்றன. பக்கத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. துடைத்துப் பார்த்துச் சொல்லலாமா?
– வாசகர், குளச்சல்

துடைக்க வேண்டாம். அது நிரப்பிய மேகசினாக இருக்க வாய்ப்பு அதிகம். இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேலையாட்களையும் குழந்தைகளையும் அந்த அறையிலிருந்து விலக்குங்கள். தோட்டாவை உருவி எடுக்க முயலக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது, பையில் போட்டுப் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவும் கூடாது. பழைய தோட்டாவின் அடியிலுள்ள வெடிப்பொட்டு எந்த நிலையில் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. 112-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கு ஆள் போய்ச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எந்த வீட்டின் எந்த இடத்தில், யார் முன்னிலையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 'ஆயுதம்' என்பதில் அதன் உதிரிபாகங்களும் அடங்கும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கி 'தடைசெய்யப்பட்ட ஆயுதம்'. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பவருக்கு, 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. பாட்டா வைத்துவிட்டுப் போனது என்பது, தெரிந்தும் ஒளித்து வைத்தவருக்குச் சாக்காகாது. நீங்களே முன்வந்து சொல்வதுதான் உங்களுக்கும் அவர் பெயருக்கும் நல்லது.

காவல்துறை எழுதும் மகஜரில் (கைப்பற்றிய பொருளின் பதிவு) தோட்டாவின் அடிக்குறி எழுதப்பட்டால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'கே', 'எஃப்' என்ற எழுத்துகளும் நடுவே இரண்டு இலக்க ஆண்டும் இருந்தால், அது புணேக்கு அருகிலுள்ள கிர்க்கி ஆலையில் செய்த 9 எம்.எம். தோட்டா. சாமானைத் தொடாமலே அது எந்தக் காலத்தது என்பதை அந்த ஆண்டு சொல்லிவிடும்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த குமரி இளைஞன் ஒருவனைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். கதை 1944, பர்மா எல்லை. மரத்தில் துப்பாக்கி செய்யத் தச்சரிடம் என்ன மாதிரி கொடுப்பது? ஸ்டென் சரியா?
– இளைஞர் குழு, பூதப்பாண்டி

ஸ்டென் கொடுத்தால் விவரம் தெரிந்தவர்கள் முதல் காட்சியிலேயே பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. தேசிய ராணுவத்தின் ஆயுதங்களில் பெரும்பகுதி அங்கும் மலாயாவிலும் பிரிட்டிஷ் படை விட்டுப்போனவை. ஸ்டென் இங்கிலாந்தில் 1941-இல் பிறந்தது. மலாயாவில் சண்டை போட்ட படைகளிடம் அது இல்லை. அங்கே இருந்த இயந்திரக் கார்பைன் அமெரிக்கத் தாம்சன். அதுவும் 1928 வகைதான். எளிமைப்படுத்திய எம்1 வகை 1942 ஏப்ரலில்தான் ஏற்கப்பட்டது, ஆகவே மலாயாவில் சிக்கியவற்றில் அது இருக்க வாய்ப்பில்லை.

தச்சருக்கு இந்த வித்தியாசங்களை வரைந்து கொடுங்கள். 1928 வகையில் காக்கிங் குமிழ் உடலின் மேல்பக்கம், குமிழின் நடுவில் குறி பார்க்க ஒரு வெட்டு. எம்1-இல் கைப்பிடி வலப்பக்கம். 1928-இல் குழலைச் சுற்றி வளையம் வளையமாகச் செதில்கள், வாயில் மேல்பக்கம் வெட்டு விட்ட தடித்த முனை. எம்1-இல் இரண்டும் இல்லை, குழல் மழமழப்பு. 1928-இல் பின்குறி நிமிர்த்தி ஏற்றி இறக்கும் சட்டம். எம்1-இல் வளைத்த தகட்டில் ஒரு துளை. முன்பிடி இரண்டு விதமும் வரலாம்: விரல் பள்ளங்களோடு செங்குத்தாகத் தொங்குவது, அல்லது கிடையாக நீண்டது. மேகசின் கீழே நேராக, 20 தோட்டாவுக்கானது என்றால் குட்டை. வட்டப் பெட்டி மேகசின் 50 தோட்டாவுக்கு. அது காட்டில் கடகடவென்று ஒலிக்கும், கனம் அதிகம், அதனால் படைகள் விரைவில் அதைக் கைவிட்டன. உங்கள் நாயகன் வட்ட மேகசினோடு காட்டில் பதுங்கி நடந்தால் காட்சி பொய்யாகத் தெரியும்.

நீளம் சுமார் 86 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் துப்பாக்கி ஐந்து கிலோவை ஒட்டி வரும். மரப்பொம்மை ஒன்றரைக் கிலோதான் இருக்கும், நடிகர் அதை ஒரு கையில் சுழற்றினால் கெட்டது. கட்டைக்குள் ஈயமோ ஈரமணல் பையோ வைத்து மூன்று கிலோவாவது ஆக்குங்கள், தோள் தானாக இறங்கும். முத்திரையாக உடலின் பக்கவாட்டில் தயாரிப்பாளர் பெயர் வரியும், பிரிட்டிஷ் அம்பு ஒன்றும் போதும். நிறம் கருநீலம். சாம்பல் பச்சைப் பூச்சு பிற்காலப் பழுதுபார்ப்பில் வந்தது. விளிம்புகளிலும் குமிழிலும் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் மின்னுவதுபோலப் பென்சில் கரி தடவுங்கள். நடுப்பகுதியில் தேய்த்தால் பொய்த் தேய்மானம், கை படும் இடம்தான் தேயும்.

இரும்புக் குழாய் வைத்துச் செய்ய வேண்டாம். மரமும் ஃபைபரும் போதும். வெளியிடத்தில் எடுக்கும் நாளுக்கு முன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கப் பிரிட்டிஷ் இந்தியப் படை வீரர் கையிலும் 1944-இல் தாம்சனைக் காட்டலாம், அது தவறல்ல. அங்கே எம்1 வகையும் வரலாம். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வகை கொடுத்தால் பார்ப்பவர்க்கு அடையாளமும் கிடைக்கும்.

வெளிநாட்டு இணையக் கடையில் 'செயலிழக்கச் செய்த ஸ்டென்', 'உதிரிபாகத் தொகுப்பு' என்று விற்கிறார்கள். அலங்காரத்துக்கு வாங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

கூடாது. வேறு நாட்டில் செயலிழந்தது என்று சான்றிதழ் கொடுத்தாலும் இங்கே அது தானாகப் பொம்மையாகிவிடாது. உதிரிபாகமும் ஆயுதம்தான் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். சுங்கத்தில் பிடிபட்டால் பணமும் போகும், வழக்கும் வரும். ஆசை இருந்தால் பை, வார், குப்பி, பழைய பயிற்சிக் கையேடு, படம் என்று சேருங்கள். அவற்றிலும் படிக்க முத்திரைகள் நிறைய உண்டு.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். அவரிடம் எந்தத் துப்பாக்கி இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் படம்கூட இல்லை.
– வாசகர், இரணியல்

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். படை எண், பட்டாலியன், சேர்ந்த நாள், விலகிய நாள், பதக்கங்கள் இதில் இருக்கும். புத்தகம் இல்லை என்றால் படை எண்ணோடு, நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்டின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத வழி சொல்வார்கள். பட்டாலியன் 9 மெட்ராஸ் என்று இருந்தால் கூடுதலாக ஒரு செய்தி: 1704-இல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் அரசருக்காகத் திரட்டிய படையிலிருந்து வந்தது அது. 1741 குளச்சல் வெற்றியைத் தன் வரலாறாகக் கொண்டாடும் பட்டாலியன்.

பட்டாலியனும் ஆண்டும் பதவியும் தெரிந்தால் துப்பாக்கியை ஓரளவு ஊகிக்கலாம். 1962-இல் சாதாரணச் சிப்பாய் என்றால் .303 ரைபிள். செக்‌ஷன் கமாண்டர், சிக்னல்காரர், டிரைவர் என்றால் ஸ்டென் ஆக இருக்கலாம். 1971-இல் அதே ஆட்களிடம் கான்பூர் கார்பைன். பெட்டியில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும், டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்த வீடுகளில் பலமுறை அந்த விளிம்பு எழுத்துதான் படை எண்ணைத் தந்திருக்கிறது. அதையும் புளி போட்டு விளக்க வேண்டாம்.